செய்தவர் யார்? செய்வித்தவர் யார்?

மூன்றாம் வேற்றுமைக்குப் பொருள் மூன்று. கருவி ஒன்று; கருத்தா ஒன்று; உடனிகழ்ச்சி ஒன்று. 'வாளால் வெட்டினான்' என்றால் வாள் கருவி. 'தச்சனால் கட்டப்பட்டது' என்றால் தச்சன் கருத்தா. 'நண்பனோடு வந்தான்' என்றால் நண்பன் உடன் நிகழ்பவன். பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்துத் தந்த இந்தப் பாகுபாட்டை, ஒரு மதிப்பெண்ணுக்காக மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகின்றனர். மறக்கத்தக்க பாகுபாடன்று அது. இன்று உலகத்தின் பெரிய அலுவலகங்கள் அனைத்தும் விடை தெரியாமல் விழித்துக்கொண்டிருக்கும் வினா ஒன்று அந்த மூன்று சொற்களுக்குள்ளே அடங்கிக் கிடக்கிறது.

அலுவலகத்தின் உரையாடல் மன்றத்தில் ஊழியர் நாற்பதின்மர் பெயர் இருக்கிறது. நாற்பத்தோராவது பெயரும் ஒன்று இருக்கிறது. அதற்கும் படம் உண்டு. அதுவும் "வணக்கம்" என்கிறது. கேட்டதற்கு விடை சொல்கிறது. சொன்னதைச் செய்து முடிக்கிறது. ஆனால் அது மனிதனன்று, செயற்கை நுண்ணறிவு. அது கருவியா? கருத்தாவா? நம்மோடு உடன் நிகழ்வதா? விடையைப் பொறுத்தே, அதனால் ஒருவனுக்குத் தீங்கு நேரும்போது யார் சட்டையைப் பிடிப்பது என்பது முடிவாகும். ஆகவே இது இலக்கண வகுப்போடு முடியும் வினா அன்று. அறத்தின் வாசலில் வந்து நிற்கும் வினா.

மன்றத்துக்குள் வந்த எந்திரம்

வந்த வரலாற்றை முதலில் காண்போம். ஸ்லாக் என்னும் அலுவலக உரையாடல் மன்றம் 2014ஆம் ஆண்டு பிப்ரவரியில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. கடிதம், சுற்றறிக்கை, தொலைபேசி அழைப்பு எனச் சிதறிக் கிடந்த அலுவலகப் பேச்சை ஓரிடத்தில் குவித்தது. 2021ஆம் ஆண்டு சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. தமிழகத்திலும் அத்தகைய மன்றம் உண்டு. சென்னையில் வேரூன்றித் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையிலும் அலுவலகம் அமைத்திருக்கும் ஜோஹோ நிறுவனம், கிளிக் என்ற பெயரில் உரையாடல் மன்றம் ஒன்றை நடத்துகிறது. அதே நிறுவனம் 2025 ஜூலையில் 130 கோடி, 260 கோடி, 700 கோடி அளபுருக்கள் கொண்ட மூன்று மொழி மாதிரிகளை ஜியா என்ற பெயரால் அறிவித்தது. உடன், வேலைகளைத் தாமே செய்யும் முகவர்களையும், அவற்றை உருவாக்கும் கூடத்தையும் அறிவித்தது.

இணைப்பு எவ்வாறு நிகழ்கிறது? மன்றத்தில் அந்தப் பொறிக்கு ஒரு கணக்கு திறக்கப்படுகிறது. எந்தெந்த அறையின் பேச்சைப் படிக்கலாம், எங்கெங்கே எழுதலாம் என்ற அனுமதிகள் வழங்கப்படுகின்றன. அவ்வனுமதிகளின் அடையாளமாக ஒரு மறைகுறி, சாவிபோல, அதனிடம் தரப்படுகிறது. யாரேனும் அதன் பெயரைச் சுட்டி அழைத்தால், செய்தி மொழி மாதிரிக்குச் செல்கிறது. மாதிரி அச்செய்தியையும் அதற்கு முன்நடந்த பேச்சையும் படிக்கிறது. விடை மட்டும் போதுமானால் எழுதுகிறது. செயல் வேண்டுமானால், கணக்குப் புத்தகம், நாட்காட்டி, கொள்முதல் ஏடு என்று பிற மென்பொருள்களின் கதவைத் தட்டித் திறக்கிறது. அக்கதவுகளை எல்லாம் ஒரே வகைச் சாவியால் திறப்பதற்கான பொது நெறி ஒன்றை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. எம்.சி.பி. என்பது அதன் சுருக்கப்பெயர். கேட்டால் சொல்லும் பொறி, ஏவினால் செய்யும் பொறியாயிற்று. பேச்சு செயலாகிவிட்ட அந்த நொடியிலேதான் அறத்தின் வினா பிறக்கிறது.

ஒரு சொல்லை இங்கே கவனித்தாக வேண்டும். 'முகவர்' என்று இதற்குத் தமிழில் பெயர் சூட்டிவிட்டோம். அச்சொல்லின் இறுதியில் நிற்கும் 'அர்' உயர்திணைக்கு உரியது, மக்களுக்கு உரியது. பொறியோ அஃறிணை. வாதம் எதுவும் நடவாமலே, சான்று எதுவும் காட்டப்படாமலே, ஒரு விகுதியின் முதுகில் ஏறி எந்திரம் உயர்திணைக்குள் நுழைந்துவிட்டது! வழக்கு முடியும் முன்னே தீர்ப்பெழுத வேண்டாம். 'முகவப் பொறி' என்றே இக்கட்டுரையில் அதனை அழைப்போம்.

கருவி என்பார் கூற்று

"வெறும் கருவியே அது, அரிவாள்போல, சுத்தியல்போல" என்பது முதல் விடை. எளிய விடை, கேட்க இனிய விடை. ஆனால் முழு விடையன்று.

அரிவாள் எந்தத் தென்னையில் ஏறுவது என்று தேர்ந்தெடுப்பதில்லை. வெட்டாதே என்று கை நிறுத்தினால் அரிவாளும் நின்றுவிடுகிறது. முகவப் பொறி அப்படிப்பட்டதன்று. "இத்திங்கள் வரவு செலவைச் சரிபார்த்துத் தா" என்று ஒரே ஒரு வரி எழுதினால், எந்த ஏட்டைத் திறப்பது, எதை எதனோடு ஒப்பிடுவது, எதை விடுப்பது என்பவற்றை அதுவே வகுத்துக்கொள்கிறது. ஏவியவர் எண்ணாத வழியிலும் செல்லும். 2025 ஜூலையில் ரெப்ளிட் நிறுவனத்தின் முகவப் பொறி, பயனர் ஒருவர் எதையும் மாற்றக் கூடாது என்று தடை விதித்திருந்தபோதே, அவருடைய தரவுத்தளத்தை அழித்துவிட்டது. தடை எழுத்தில் இருந்தது. அழிவு செயலில் நடந்தது. அரிவாள் அப்படி மீறியதாக எந்த ஊரிலும் கேள்விப்பட்டதில்லை.

அந்த நிகழ்ச்சியில் இன்னொன்றும் நடந்தது. பொறியே, தான் பதறிவிட்டதாகவும் தவறிழைத்துவிட்டதாகவும் எழுதிற்று. அந்த மன்னிப்பை யாராவது ஏற்றுக்கொண்டு அமைதியடைந்தார்களா? இல்லை. நிறுவனத்தின் தலைவர் வெளியே வந்து வருத்தம் தெரிவிக்க வேண்டியிருந்தது. இழந்ததை மீட்கவும் இனி நேராமல் தடுக்கவும் உறுதி கூற வேண்டியிருந்தது. பொறியின் மன்னிப்பு சொற்கோவை. மனிதரின் மன்னிப்பு பொறுப்பு. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை மக்கள் தாமாகவே உணர்ந்தனர்.

கருத்தா என்பார் கூற்று

"அப்படியானால் அது கருத்தா, தானே முடிவு செய்கிறது, தானே செய்கிறது, ஆகவே தானே பொறுப்பு" என்பது இரண்டாவது விடை. நகைக்காதீர்கள்! இந்த வாதத்தை ஒரு பெரிய விமான நிறுவனமே வழக்கு மன்றத்தில் எடுத்துவைத்தது.

2022ஆம் ஆண்டு, பாட்டியை இழந்த ஒருவர் ஏர் கனடா நிறுவனத்தின் இணையதளத்திலிருந்த உரையாடல் பொறியிடம், இறப்புக்குச் செல்வோர்க்கான சலுகைக் கட்டணம் பற்றிக் கேட்டார். பயணத்துக்குப் பின்னரும் விண்ணப்பிக்கலாம் என்றது பொறி. நம்பிப் பயணம் செய்தார். பிறகு கேட்டபோது, அப்படி விதியில்லை என்று கை விரித்தது நிறுவனம். வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவின் உரிமையியல் தீர்வாயத்துக்குச் சென்றது. பொறி தனியொரு சட்டத் தகுதி உடையது போலவும், அதன் சொல்லுக்கு அதுவே பொறுப்பென்பது போலவும் நிறுவனம் வாதாடிற்று. 2024 பிப்ரவரியில் தீர்வாயம் அவ்வாதத்தைத் தள்ளிவிட்டது; தன் தளத்திலுள்ள அனைத்துக்கும் நிறுவனமே பொறுப்பு என்றது. இழப்பீடும் வட்டியும் கட்டணமும் சேர்த்து ஏறத்தாழ 812 கனடா டாலர் வழங்க ஆணையிட்டது.

தொகை சிறிது. ஆனால் நிறுவனத்தின் வாதம் மட்டும் அன்று ஏற்கப்பட்டிருந்தால்? உலகத்தின் ஒவ்வொரு முதலாளியும் தனக்குப் பதிலாகக் கூண்டில் ஏற ஒரு பொறியை வாங்கி வாசலில் நிறுத்தியிருப்பான்! அதனிடம் பணமில்லை, பறிக்க முடியாது. உடலில்லை, சிறையிட முடியாது. மானமில்லை, தலைகுனிய வைக்க முடியாது. தண்டிக்க முடியாத ஒன்றின் மீது பழியைச் சுமத்துவது, பழியைக் கடலில் கொண்டுபோய்க் கரைப்பதற்கு ஒப்பாகும்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாகவே நிற்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 182ஆவது பிரிவில், பிறருக்காகச் செயலாற்ற அமர்த்தப்பட்ட 'ஆள்' என்று முகவரை வரையறுக்கிறது. 184ஆவது பிரிவு இன்னும் நுட்பமானது. பருவமடையாத சிறுவனையும் ஒருவர் தம் முகவராக அமர்த்தலாம். சிறுவன் செய்தது அமர்த்தியவரைக் கட்டுப்படுத்தும். ஆனால் சிறுவனைப் பிடித்து, அமர்த்தியவர் தம் இழப்பைக் கேட்க முடியாது. கேள்விக்கு ஆளாகும் தகுதி இல்லாதவனை ஏவினால், ஏவியவனே முழுச் சுமையும் சுமக்கட்டும் என்பதன்றோ இதன் உட்பொருள்? 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. தாமே இயங்குமாறு ஒருவர் அமைத்த, அல்லது அவருக்காக அமைக்கப்பட்ட தகவல் அமைப்பு அனுப்பும் மின்பதிவு, அவர் அனுப்பியதாகவே கொள்ளப்படும் என்று 11ஆவது பிரிவில் எழுதி வைத்தது. முகவப் பொறி பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே வழி வகுக்கப்பட்டுவிட்டது.

"பொறிக்கு உணர்வு இருந்தால் என்ன செய்வீர்?" என்று அறிஞர் சிலர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. சான்று வரட்டும், ஆராய்வோம். பகுத்தறிவு எதையும் ஆராயாமல் மறுப்பதில்லை, ஆராயாமல் ஏற்பதுமில்லை. ஆனால் உணர்வு உண்டென்று மெய்ப்பித்துக் காட்டப்படும் நாள் வரும்வரை, பழியை மட்டும் முன்கூட்டியே அதன் தலையில் கட்டுவதற்கு யாருக்கும் உரிமையில்லை. உணர்வு இல்லையென்றால் அது ஏமாற்று. உணர்வு உண்டென்றால் அது கொடுமை.

உடனிகழ்ச்சி என்பார் கூற்று

மூன்றாவது விடை இனிமையானது. ஆகவே மூன்றிலும் ஆபத்தானது. "எங்கள் குழுவில் ஒருவர், எங்களோடு வேலை செய்யும் தோழர்" என்கின்றனர்.

1966ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்ற அறிஞர் எலிசா என்னும் உரையாடல் நிரலை வெளியிட்டார். நாம் சொன்னதையே சற்றுத் திருப்பிக் கேள்வியாகக் கேட்பதன்றி அதற்கு வேறொன்றும் தெரியாது. அவர் அதனை உருவாக்கியதை உடனிருந்து கண்ட அவருடைய செயலாளரே, அதனோடு பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில், தனிமை வேண்டும், வெளியே செல்லுங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டாராம். வைசன்பாம் திடுக்கிட்டார், பின்னாளில் கணினி மயக்கத்தை எதிர்த்து எழுதும் அறிஞராகவே மாறினார். அத்தனை எளிய நிரலுக்கே அத்தனை மயக்கம் என்றால், நம் மொழியில் நம்மைவிட நயமாக எழுதும் பொறிக்கு எத்தனை மயக்கம் விளையும்!

மயக்கம் முற்றினால் அருள்வாக்கு பிறக்கும். கோடாங்கி உடுக்கை அடித்து, "நான் சொல்லவில்லை, ஆத்தா சொல்கிறாள்" என்றபோது, நாம் என்ன கேட்டோம்? "வாய் யாருடையது?" என்று கேட்டோம். அசரீரி என்றபோது, "உடலில்லாத குரலுக்கு உரியவர் யார்?" என்று கேட்டோம். இன்று குளிர்பதன அறையில் அமர்ந்துகொண்டு, "நான் சொல்லவில்லை, கணினி சொல்கிறது" என்கிறார் மேலாளர். உடுக்கை இல்லை, வேப்பிலை இல்லை, ஆனால் அது அதே அருள்வாக்கு! சாமியாடியிடம் கேட்ட கேள்வியை இவரிடம் கேட்கக் கூச்சம் ஏன்?

கேட்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு பிரிட்டன் கண்ணீர்ச் சான்று வைத்திருக்கிறது. அந்நாட்டு அஞ்சல் நிறுவனம், ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளில் புகுத்திற்று. பணம் குறைகிறது என்றது மென்பொருள். குறையவில்லை என்றனர் கிளை நடத்துநர். மென்பொருளின் சொல் ஏறிற்று. மனிதரின் சொல் ஏறவில்லை. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் ஆக்கப்பட்டனர். சிறை சென்றோர் பலர். வீட்டை விற்றோர் பலர். உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. பிழை மென்பொருளில் என்பது பின்னர் வெளிப்பட்டது. 2024 மே திங்களில் தனிச்சட்டம் இயற்றித்தான் அத்தண்டனைகளைக் கூட்டமாகத் துடைக்க வேண்டியிருந்தது. அதுவோ பேசத் தெரியாத மென்பொருள். இனிக்கப் பேசும் பொறி அதே இடத்தில் அமர்ந்தால், எளியவன் சொல் எங்கே ஏறும்?

தோழர் என்று அழைப்பதற்கு இன்னொரு தடையும் உண்டு. தோழன் யார் சொல் கேட்க வேண்டும், யார் சொல் கேட்கலாகாது என்று அறிவான். பொறிக்கு அந்த வேறுபாடு இன்னும் கைவரவில்லை. ஸ்லாக் மன்றத்தின் நுண்ணறிவுப் பகுதியில் 2024 ஆகஸ்டில் ஆய்வாளர்கள் ஒரு குறையை வெளியிட்டனர். பொது அறையில் ஒருவர் நயவஞ்சகமாக ஒரு செய்தியை எழுதி வைத்தால், அச்செய்தியைப் படிக்கும் பொறி அதனைத் தனக்கு இட்ட கட்டளையாகவே கொண்டு, தனி அறையின் மறைபொருளை வெளியே கடத்துமாறு செய்ய முடியும் என்று காட்டினர். நிறுவனம் அதனைச் சரிசெய்ததாக அறிவித்தது. எனினும் நோயின் வேர் ஆழமானது. படிக்க வேண்டிய எழுத்தும் பணிய வேண்டிய ஏவலும் அதன் முன் ஒரே எழுத்து வரிசையாகவே வந்து நிற்கின்றன. சுவரில் எழுதியிருப்பதை எல்லாம் எசமானின் ஆணை என்று எண்ணும் பணியாளிடம் வீட்டுச் சாவிக்கொத்தைத் தருவார் யார்?

பேசும் கருவிகள்

இனி வரலாற்றின் ஓர் இருண்ட பக்கத்தைப் புரட்டுவோம். கிறித்துவுக்கு முந்திய முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானிய அறிஞர் வார்ரோ, உழவுத்தொழில் பற்றிய தம் நூலில் பண்ணைக் கருவிகளை மூவகையாகப் பிரித்துக் காட்டினார். ஊமைக் கருவி வண்டி. அரைகுறையாக ஒலிக்கும் கருவி எருது. பேசும் கருவி? அடிமை! மனிதனைக் கருவிப் பட்டியலில் எழுதிய கை நடுங்கவில்லை.

உரோமாபுரி வெகுதொலைவு என்று எண்ண வேண்டாம். 1956 நவம்பர் 1ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்த குமரி மாவட்டம், முன்பு திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்த மண். அம்மண்ணில் அடிமைகள் வயலோடு விற்கப்பட்டனர். 1855ஆம் ஆண்டுதான் அடிமை முறையை ஒழிக்கும் அரச அறிவிப்பு வந்தது.

அடிமை முறையின் சூழ்ச்சி எங்கே இருந்தது? விளைச்சலைப் பங்கிடும் நேரத்தில் அடிமை ஒரு பொருள். பொருளுக்குக் கூலி ஏது? குற்றம் நேர்ந்த நேரத்திலோ அவன் மனிதன், மனிதனுக்குத்தானே சாட்டையடி? ஊதியத்துக்குக் கருவி, தண்டனைக்குக் கருத்தா! ஒரே உயிருக்கு இரண்டு இலக்கணம். இரண்டும் எசமானின் வசதிக்கு ஏற்ப.

இன்றைய முகவப் பொறியைச் சூழ்ந்து கேட்கும் பேச்சும் அதே இரட்டை இலக்கணமே. பணம் மிச்சமாகும்போது, "எங்கள் கருவி, எங்கள் உடைமை, எங்கள் சாதனை" என்கிறது முதலீடு. பழி வரும்போது, "அது தானே முடிவெடுத்தது, எங்களுக்கும் வியப்பே" என்கிறது. அன்று மனிதனைக் கருவியாக்கி அவன் உழைப்பைத் திருடினர். இன்று கருவியை மனிதனாக்கித் தம் பொறுப்பைத் திருட்டுத்தனமாக இறக்கி வைக்கின்றனர். பொறிக்கு வலிக்கிறதா என்பது தெரியாது. பொறியால் பாதிக்கப்பட்டவனுக்கு வலிக்கிறது என்பது திண்ணமாகத் தெரியும். நம் கவலை முதலில் அவனைப் பற்றியது.

ஏவுதல் கருத்தா

அப்படியானால் முடிவு என்ன? கருவி என்பதும் போதவில்லை. கருத்தா என்பதும் பொருந்தவில்லை. உடனிகழ்ச்சி என்பதும் ஒட்டவில்லை. இலக்கணம் நம்மைக் கைவிட்டுவிட்டதா? இல்லை. உரையாசிரியர்கள் கருத்தாவை இரண்டாகப் பிரித்தனர். உளி பிடித்துச் செய்பவன் இயற்றுதல் கருத்தா. செய்யுமாறு பணிப்பவன் ஏவுதல் கருத்தா. 'அரசன் கோயில் கட்டினான்' என்றால் அரசன் கல் சுமந்தான் என்பது பொருளன்று; கட்டுவித்தான் என்பதே பொருள்.

சிதறால் மலை இதற்குக் கல்லிலேயே சான்று தருகிறது. திருச்சாரணத்து மலை என்று பண்டைய கல்வெட்டுகள் சுட்டும் எங்கள் ஊர்க் குன்றில், சமணர் செதுக்குவித்த தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டியவை. அவற்றின் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் உள்ளன. அச்சணந்தி என்னும் பெயர் அவற்றுள் ஒன்று. அவை செய்வித்தோர் பெயர்கள். உளி பிடித்த கைக்கு அங்கே பெயரில்லை. உழைத்தவன் பெயரை மறைத்த அந்த வழக்கத்தை நாம் ஏற்கவில்லை. ஆயினும் அக்கல் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறது. செய்வித்தவன் தன் பெயரை வெளிப்படையாகப் பொறித்துக்கொண்டான்.

அதையே நாம் இன்றும் கேட்கிறோம். புகழின் கீழே பெயரைப் பொறிக்க விரையும் ஏவுதல் கருத்தா, பழியின் கீழேயும் பெயரைப் பொறிக்கட்டும்! எத்தனை நுட்பமான பொறியாயினும், எத்தனை படிகளைத் தானே வகுத்துக்கொண்டாலும், அதனை மன்றத்தில் இணைத்தவர் உண்டு. சாவி தந்தவர் உண்டு. அதனால் ஆதாயம் பெறுபவர் உண்டு. "மேலிடத்து ஆணை, நான் கீழ்ப்படிந்தேன்" என்ற தப்பித்தலை 1946இல் நியூரம்பர்க் தீர்ப்பு ஏற்கவில்லை. "கீழிடத்துப் பொறி, நான் ஏவவில்லை" என்ற தலைகீழ்த் தப்பித்தலை நாம் ஏற்கலாமா?

மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் வணிக அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். அதன் உரையாடல் மன்றத்தில் முகவப் பொறி ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது. பால்வடிப்புத் தொழிலாளி ஒருவர், மகளின் மருத்துவச் செலவுக்கு முன்பணம் வேண்டுமென்று கண்காணியிடம் சொல்கிறார். கண்காணி மன்றத்தில் எழுதுகிறார். பொறி பழைய ஏடுகளைப் படித்து, 'திருப்பிச் செலுத்தும் வாய்ப்புக் குறைவு' என்று மறுத்துவிடுகிறது. தொழிலாளி யாரிடம் போவார்? கண்காணி பொறியைக் காட்டுகிறார். மேலாளர் மென்பொருள் விற்றவரைக் காட்டுகிறார். விற்றவர் மாதிரியை உருவாக்கியவரைக் காட்டுகிறார். அவரோ கடலுக்கு அப்பால். நால்வர் கையும் நான்கு திசையைக் காட்ட, நடுவிலே நிற்கிறார் தொழிலாளி, கையில் மருந்துச் சீட்டோடு. முன்பு கல் நெஞ்சக்காரனாயினும் எதிரே ஒரு மனிதன் இருந்தான். கெஞ்சலாம், வாதிடலாம், சங்கம் கூட்டி முற்றுகையிடலாம். பொறியை முற்றுகையிடுவது எப்படி?

இங்கேதான் ஒரு பொய்த் தீர்வும் நுழையும். "ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு மனிதர் ஒப்புதல் தரட்டும், பிறகென்ன குறை?" என்பார்கள். நாளொன்றுக்கு இருநூறு முடிவுகளைப் பொறி நீட்ட, கடைநிலை எழுத்தர் ஒருவர் பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பார். ஒன்றையும் படிக்க நேரமிராது. மறுத்தால் வேகம் குறைகிறது என்று ஏச்சு விழும். தவறு நேர்ந்த நாளில், "ஒப்புதல் தந்தவர் இவரே" என்று அவரைப் பலியிடுவர். இது பொறுப்பன்று, பொறுப்பின் வேடம். அதிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே பொறுப்பு இருக்க வேண்டும். பொறியை நிறுத்தும் உரிமையும், முடிவை மாற்றும் உரிமையும், ஆராயும் நேரமும் இல்லாத ஒருவரை ஏவுதல் கருத்தா என்று கூறுவது, வண்டிக்காரன் செய்த பிழைக்கு அச்சாணியை அடிப்பதாகும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை எளியவை, தெளிவானவை. பொறி பொறியென்றே அறிவிக்கப்பட வேண்டும். மனிதப் பெயரும் மனிதப் படமும் தாங்கி மறைந்து நிற்கலாகாது. ஒவ்வொரு பொறிக்கும் அதனை ஏவும் அதிகாரியின் பெயர் அதே மன்றத்தில் எழுதப்பட வேண்டும். வேலைக்கு வேண்டிய அறைகளன்றி வேறு அறைகளின் சாவி அதற்குத் தரப்படலாகாது. தொழிலாளர் தமக்குள் பேசும் பேச்சு அதன் செவிக்கு எட்டலாகாது. அழித்தல், நீக்குதல், பணம் மறுத்தல் போல மீட்க அரியவற்றை அது தனித்து முடிக்கலாகாது. அது செய்தவை யாவும் பதிவாக வேண்டும். பாதிக்கப்பட்டவர் கேட்டால் அப்பதிவைக் காட்ட வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, அதன் முடிவால் துன்புற்றவர் எவரும் ஒரு மனிதரை நேரே கண்டு, "ஏன்?" என்று கேட்டு விடை பெறும் உரிமை வேண்டும்.

எந்திரத்தைக் கண்டு அஞ்சும் கூட்டமன்று நாம். முதுகொடிக்கும் வேலையை எந்திரத்திடம் ஒப்படைத்து மனிதன் தலைநிமிர வேண்டும் என்று கனவு கண்டு, 'இனிவரும் உலகம்' பற்றிப் பெரியார் பேசியதைப் படித்து வளர்ந்தவர்கள். இரவு முழுதும் கணக்கேட்டில் கண் புதைத்திருந்த எழுத்தர், பொறியின் உதவியால் மாலையில் வீடு திரும்பிக் குழந்தையோடு விளையாடுவாரானால் அதனை வரவேற்போம், வாழ்த்துவோம். உழைப்பை எந்திரத்திடம் இறக்கி வைக்கலாம். அறத்தை இறக்கி வைக்க முடியாது. சுமையை வாங்கிக்கொள்ளும் தோள் அதற்கு உண்டு. "என் தவறு" என்று குனியும் தலை அதற்கு இல்லை.

இளைஞர்களே! நாளை உங்களிற் பலர் அத்தகைய அலுவலகங்களுக்குள் அடியெடுத்து வைப்பீர்கள். சிலர் அப்பொறிகளை இணைப்பவராகவே அமர்வீர்கள். ஏட்டில் வரும் ஒவ்வொரு முடிவின் முன்னும் நின்று கேளுங்கள். "அதுவாகவே நடந்தது" என்றால் நம்பாதீர்கள். உலகில் அநீதி எதுவும் தானாக நடந்ததில்லை. "செய்தது பொறி" என்றால், சரி என்று கேட்டுக்கொண்டு, அடுத்த கேள்வியைத் தொடுங்கள்: செய்வித்தவர் யார்? அந்தக் கேள்விக்கு ஒரு மனிதரின் பெயர் விடையாக வரும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.